நான்கு சக்கர இயக்கம் பிடிக்காத ஜீப்: கோளாறு காணும் முறை

மலைக் கிராமத்துக்குப் போகும் மண்பாதையில் ஜீப் வண்டி என்பது வெறும் வசதிக்குரிய பொருள் அன்று. ரேஷன் மூட்டை மேலே ஏறுவதும், மிளகும் பலாவும் சந்தைக்கு இறங்குவதும், பிரசவ வேதனையில் உள்ள தாய் ஆஸ்பத்திரியை அடைவதும் அதனால்தான். சவ்வாது மலையிலும் கல்வராயன் மலையிலும் உள்ள பல ஊர்க்காரர்கள் இதை நன்கு அறிவார்கள். தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைக்குக் கேரளத்துச் சூரியநெல்லி வழியாக ஜீப்பில் ஏறியவர்களும் அறிவார்கள். அத்தகைய பாதையில் மழை பெய்து மண் குழைந்துவிட்டால் பின்சக்கரங்கள் மட்டும் தள்ளிப் பயனில்லை. முன்சக்கரங்களும் சேர்ந்து இழுத்தாக வேண்டும். இதையே நான்கு சக்கர இயக்கம் என்கிறோம். பட்டறைகளில் 'ஃபோர் வீல்' என்பார்கள்.

ஆனால், தேவைப்படும் நாளில் பார்த்து அது பிடிப்பதில்லை என்ற முறையீட்டையே நாம் அடிக்கடி கேட்கிறோம். உடனே வண்டி பட்டறைக்குப் போகிறது. பெட்டி பிரிக்கப்படுகிறது. பெருந்தொகை செலவாகிறது. சில வேளைகளில் கோளாறு மட்டும் அப்படியே இருக்கிறது. இக்குறைகளில் பெரும்பாலானவை பற்சக்கரம் உடைந்ததனால் வருபவை அல்ல. பழக்கக் குறை, டயர், துரு, வெடித்த ரப்பர் குழாய் போன்ற சிறு காரணங்களால் வருபவையே. செலவில்லாத சோதனையை முதலிலும் செலவு மிக்க சோதனையை இறுதியிலும் செய்யும் ஒழுங்கு தெரிந்தால், பணமும் மிஞ்சும், வண்டியும் ஓடும். அவ்வொழுங்கை இங்கே படிப்படியாகக் காண்போம்.

ஜீப் நம் கிராமங்களுக்குப் புதியது அன்று. 1941ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் போருக்காகச் செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப்பே இவ்வகை வண்டிகளின் முன்னோடி. 1940களின் இறுதியில் மகிந்திரா நிறுவனத்தார் பம்பாயில் அதனைப் பூட்டி விற்கத் தொடங்கினர். 1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய நலத் திட்டம் தொடங்கிய பின்னர், வட்டார வளர்ச்சி அலுவலர் என்றாலே ஜீப் வண்டியும் மக்கள் நினைவுக்கு வந்தது. அன்று முதல் இன்று வரை வண்டியின் உருவம் எவ்வளவோ மாறிவிட்டது. எனினும் முன்சக்கரத்துக்கு விசை செல்லும் அடிப்படை முறை பெரிதும் மாறவில்லை. ஆகவே அம்முறையை ஒருமுறை அறிந்துகொண்டால் பழைய வண்டிக்கும் உதவும், புதிய வண்டிக்கும் உதவும்.

விசை செல்லும் வழி

எஞ்சினில் பிறக்கும் விசை கிளச்சு வழியாகக் கியர் பெட்டிக்கு வருகிறது. அங்கிருந்து டிரான்ஸ்பர் கேஸ் எனப்படும் பகிர்வுப் பெட்டிக்குச் செல்கிறது. வாய்க்காலில் மதகு எப்படியோ, அப்படியே இப்பெட்டியும். மதகு மூடியிருந்தால் நீர் ஒரு கிளையில் மட்டும் ஓடும். திறந்தால் இரு கிளைகளிலும் ஓடும். ஓட்டுநர் அருகில் உள்ள சிறு நெம்புகோலோ பொத்தானோ இந்த மதகைத் திறக்கிறது.

திறந்த பின் விசை முன்பக்கத்துச் சுழல் தண்டின் வழியாக முன் அச்சை அடைகிறது. அச்சின் நடுவில் உள்ள டிஃபரன்ஷியல் அதனை இடம், வலம் எனப் பிரித்துக் கொடுக்கிறது. இறுதியில் சக்கரக் குடத்தில் தண்டும் சக்கரமும் ஒன்றாகப் பூட்டப்பட்டிருந்தால்தான் சக்கரம் இழுக்கும். பல ஜீப்களில் இக்குடத்தில் திருகு போன்ற ஒரு பூட்டு உண்டு. அதில் 'லாக்', 'ஃப்ரீ' என இரண்டு நிலைகள் குறிக்கப்பட்டிருக்கும்.

ஆகவே பகிர்வுப் பெட்டி, முன் தண்டு, முன் அச்சு, குடம் என்னும் நான்கும் சேர்ந்த சங்கிலி இது. ஒரு கண்ணி அறுந்தாலும் முன்சக்கரம் இழுக்காது. எந்தக் கண்ணி அறுந்தது என்று காண்பதே நம் வேலை.

முதற் சோதனை: உண்மையில் பிடிக்கவில்லையா?

நான்கு சக்கர இயக்கம் பிடித்திருந்தும் வண்டி நகராத நிலை ஒன்று உண்டு. முன் அச்சில் ஒரு சக்கரமும் பின் அச்சில் ஒரு சக்கரமும் பிடிமானம் இழந்து சுழல, மற்ற இரண்டும் அசையாமல் நிற்கும். டிஃபரன்ஷியலின் இயல்பு இதற்குக் காரணம். எளிதில் சுழலும் சக்கரத்தின் பக்கமே அது சுழற்சியைத் தந்துவிடும். பள்ளத்தில் வண்டி கோணலாக ஏறி, எதிரெதிர் மூலைச் சக்கரங்கள் பளுவிழந்து நிற்கும்போது இவ்வாறு நேரும். இது கோளாறு அன்று. சுழலும் சக்கரத்தின் அடியில் கல்லோ தழையோ இட்டால் வண்டி நகர்ந்துவிடும். முன்சக்கரங்களில் ஒன்றேனும் சுழல்கிறதா என்று வெளியே நிற்பவர் ஒருவர் தூரத்தில் இருந்து பார்த்துச் சொன்னால் போதும். சுழன்றால் விசை முன்னே வருகிறது என்பது உறுதி.

ஐயம் தீரவில்லையானால் மற்றொரு எளிய சோதனை உண்டு. தளர்ந்த மண் உள்ள சமதளத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டும். இரு சக்கர நிலையில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து, முதல் கியரில் மெல்ல வட்டமிட்டுப் பார்க்க வேண்டும். பிறகு நான்கு சக்கர நிலையில் அதே வட்டத்தை இட வேண்டும். இயக்கம் பிடித்திருந்தால் வண்டி இறுகித் தயங்கித் தயங்கிச் செல்லும், ஸ்டியரிங்கும் கனக்கும். இரண்டு வட்டத்துக்கும் வேறுபாடே தெரியாவிட்டால் சங்கிலி எங்கோ அறுந்திருக்கிறது. இச்சோதனையைத் தார்ச்சாலையில் செய்தல் ஆகாது. காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

நெம்புகோல் விழாதபோது

பகிர்வுப் பெட்டிக்குள் பல் கொண்ட இரு வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைய வேண்டும். பல்லுக்கு எதிரே இடைவெளி வந்தால் நுழையும். பல்லுக்கு எதிரே பல் வந்தால் முட்டி நிற்கும். அந்நிலையில் பலத்தைக் காட்டுவது தவறு. கிளச்சை மிதித்து வண்டியை ஒரு முழம் முன்னோ பின்னோ உருளவிட்டால் பற்கள் நேர்ப்பட்டு நெம்புகோல் தானே விழும்.

வேகமாக ஓடும் நான்கு சக்கர நிலையான 'ஃபோர் ஹை'யைப் பல வண்டிகளில் நேராக மெல்ல ஓடும்போதே போடலாம். மெதுவாக, மிகுந்த இழுவையோடு செல்லும் 'ஃபோர் லோ' நிலைக்கோ வண்டியை நிறுத்தியே மாற்ற வேண்டும். எந்த வண்டிக்கு எது பொருந்தும் என்பது அதனுடன் வந்த கைப்புத்தகத்தில் இருக்கும். அப்புத்தகத்தை அலமாரியில் பூட்டாமல் ஓட்டுநரிடம் தருதல் நலம்.

உருளவிட்டும் விழாவிட்டால் வண்டியின் அடியில் நெம்புகோலையும் பெட்டியையும் இணைக்கும் கம்பிகளைப் பார்க்க வேண்டும். சேறு காய்ந்து கல்லாக ஒட்டியிருக்கலாம். மூட்டுகளில் துரு ஏறியிருக்கலாம். புஷ் தேய்ந்து, நெம்புகோல் முழுத் தூரம் நகர்ந்தும் பெட்டிக்குள் பாதித் தூரமே நகரலாம். கழுவி, துரு நீக்கி, எண்ணெய் இட்டாலே பல வண்டிகள் சரியாகின்றன. கம்பியைக் கழற்றிவிட்டுப் பெட்டியின் முனையைக் கையால் அசைத்தால் எளிதாக விழுகிறது என்றால், பெட்டி குற்றமற்றது. குறை கம்பியிலேயே உள்ளது.

விளக்கு எரிந்தும் முன்சக்கரம் இழுக்காதபோது

ஓட்டுநர் முன்னே எரியும் சிறு விளக்கைக் கண்டு பலர் ஏமாந்துபோகின்றனர். பல வண்டிகளில் அவ்விளக்கு பகிர்வுப் பெட்டி திறந்ததை மட்டுமே காட்டும். குடம் பூட்டியதா என்பதை அது அறியாது. மதகு திறந்ததற்குச் சாட்சி சொல்லுமே அன்றி, வயலுக்கு நீர் பாய்ந்ததற்குச் சாட்சி சொல்லாது.

ஆகவே விளக்கு எரிந்தும் இழுவை இல்லையானால் முதலில் குடங்களையே பார்க்க வேண்டும். இரண்டும் 'லாக்' நிலையில் உள்ளனவா? ஒன்று பூட்டியும் மற்றொன்று திறந்தும் இருந்தால், டிஃபரன்ஷியல் திறந்த பக்கத் தண்டையே வீணாகச் சுழற்றும். பூட்டிய சக்கரமும் இழுக்காது. ஒரே ஒரு குடத்தின் திருகு மறந்துபோனதற்காகப் பெட்டியைப் பிரித்தல் எவ்வளவு வீண்!

திருகு சரியாக இருந்தும் உள்ளே பிடிக்காமல் இருக்கலாம். இதைக் காணும் முறை வருமாறு: எஞ்சினை நிறுத்தி, நெம்புகோலை இரு சக்கர நிலையில் வைத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஒரு முன்சக்கரத்தை ஜாக்கியால் தூக்கித் தாங்குகட்டை கொடுக்க வேண்டும். குடத்தை 'ஃப்ரீ'யில் வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் அது தனியே இலேசாகச் சுழலும். பிறகு 'லாக்'கில் வைத்துச் சுற்றினால் சற்றுக் கனமாகவும், அச்சுக்குள் பற்கள் உருளும் ஒலியோடும் சுழல வேண்டும். இரு நிலையிலும் ஒன்றுபோல் இருந்தால் அக்குடம் பிடிக்கவில்லை. மறுபக்கத்தையும் அவ்வாறே பார்க்க வேண்டும். குடத்தைத் திறந்து பார்த்தால் காய்ந்த கிரீசும், நீர் புகுந்த துருவும், தளர்ந்த வில்லும் காரணமாக இருப்பதைக் காணலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் எவரும் புகலாகாது. நான்கு சக்கர நிலையில் ஒரு சக்கரம் தரையில் இருந்தாலும், எஞ்சினை இயக்கினால் வண்டி ஜாக்கியில் இருந்து பாய்ந்துவிடும். இதனால் உயிருக்கே ஆபத்து நேரிடும்.

குடங்கள் நன்றாக இருந்தால் பகிர்வுப் பெட்டியைச் சோதிக்கலாம். சமதளத்தில் எஞ்சினை நிறுத்தி, நான்கு சக்கரங்களுக்கும் கட்டை வைத்து, குடங்கள் இரண்டையும் 'ஃப்ரீ'யில் விட்டு, வண்டியை முதல் கியரிலும் சிறு நெம்புகோலை 'ஃபோர் ஹை'யிலும் வைக்க வேண்டும். பிறகு முன் சுழல் தண்டைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். சிறிதளவு ஆட்டம் இருப்பது இயல்பு. முழுச்சுற்றுச் சுழன்றால் பெட்டி திறக்கவில்லை என்று பொருள். இறுகி நின்றால் பெட்டி தன் வேலையைச் செய்கிறது.

காற்றுறிஞ்சலும் மின்சாரமும்

சில வண்டிகளில் முன் அச்சையோ குடத்தையோ பூட்டுவது கை அன்று. வாக்குவம் எனப்படும் காற்றுறிஞ்சல். இதற்கான ரப்பர் குழாய்கள் எஞ்சினில் இருந்து முன் அச்சு வரை செல்கின்றன. வெயிலில் வெடிப்பதும், எலி கடிப்பதும், முள்ளில் கிழிவதும் இக்குழாய்களுக்கு வழக்கம். வண்டியை அசையாமல் நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டு, குழாயின் முனையை எடுத்து விரலால் மூடினால் உறிஞ்சல் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் குழாயைத் தொடக்கம் வரை தடவிப் பார்த்து ஓட்டையைக் காணலாம். பல டீசல் வண்டிகளில் பிரேக்குக்குத் துணைபுரிவதும் இதே உறிஞ்சல்தான். ஆகவே ஃபோர் வீலும் பிடிக்காமல், பிரேக் மிதியும் கல்லைப் போல் கனத்திருந்தால், உறிஞ்சலைத் தரும் பம்பின் மீது ஐயம் கொள்ள வேண்டும். அவ்வண்டியைப் பழுது பார்க்கும் வரை மலைப்பாதையில் ஓட்டுதல் கூடாது.

பொத்தானால் இயங்கும் புதிய வண்டிகளில் சிறு மின்மோட்டார் ஒன்று பெட்டியைத் திறக்கிறது. விளக்கு நிலையாக எரியாமல் சிமிட்டிக்கொண்டே இருந்தால் பொதுவாக மாற்றம் முடியவில்லை என்று பொருள். நேராக மெல்ல முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்க வேண்டும். அப்போதும் நிலைக்காவிட்டால் ஃப்யூஸ், பாட்டரியின் வலிமை, மோட்டாருக்குச் செல்லும் கம்பி இணைப்பு என்னும் மூன்றையும் வரிசையாகப் பார்க்க வேண்டும். அடிப்புறத்து இணைப்பில் சேறும் பச்சைக் களிம்பும் படிவது சாதாரணம். அவற்றைத் துடைத்துப் பாராமல் மோட்டாரை மாற்றச் சொல்வது சிக்கனம் ஆகாது.

விழுந்த நெம்புகோல் கழன்றுவிடும்போது

ஏற்றத்தில் இழுக்கும்போது நெம்புகோல் தானே வெளியே வந்துவிடுவது ஆபத்தான குறை. விசை திடீரென நின்றால் வண்டி பின்னோக்கி உருளக்கூடும். இதற்கு எளிய காரணம், நெம்புகோல் முழுதும் விழாமை. தரைவிரிப்போ, உடைந்த தகரமோ அதைத் தடுக்கலாம். இணைப்புக் கம்பியின் நீளம் மாறியிருக்கலாம். எஞ்சினையும் பெட்டியையும் தாங்கும் ரப்பர் தாங்கிகள் நைந்து, இழுவையின்போது பெட்டி அசைந்து நெம்புகோலைத் தள்ளலாம். இவை அனைத்தும் சரியாக இருந்தால்தான், உள்ளே நெம்புகோலை நிலைநிறுத்தும் குண்டும் வில்லும் அல்லது பற்களும் தேய்ந்தன எனக் கொள்ள வேண்டும். பெட்டியைப் பிரிக்க வேண்டிய தறுவாய் இதுவே.

நெம்புகோல் திரும்ப வராதபோது

வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பெரிய வட்டத்தையும் பின்சக்கரங்கள் சிறிய வட்டத்தையும் இடுகின்றன. மாட்டு வண்டி திரும்பும் தடத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. எனவே முன் தண்டு அதிகமாகச் சுழல விரும்புகிறது. பகிர்வுப் பெட்டியோ இரண்டையும் ஒரே அளவாகக் கட்டி வைத்திருக்கிறது. சேற்றில் டயர் வழுக்கி இந்த முறுக்கைத் தீர்த்துக்கொள்ளும். தார்ச்சாலையில் வழுக்க இடமில்லை. முறுக்கு தண்டிலும் பல்லிலும் ஏறிக்கொண்டே போகும். பிறகு நெம்புகோலை எவ்வளவு இழுத்தாலும் வராது. இவ்வகை வண்டிகளை உலர்ந்த கெட்டிச் சாலையில் நான்கு சக்கர நிலையில் ஓட்டலாகாது என்பதற்கும், சோதனையை அங்கே செய்யலாகாது என்பதற்கும் காரணம் இதுவே.

அவ்வாறு இறுகிவிட்டால் நேராகச் சில கஜ தூரம் பின்னோக்கி ஓட்டி, ஆக்சிலேட்டரை விட்ட கணத்தில் நெம்புகோலை இழுக்க வேண்டும். சாலையோர மண்ணில் சக்கரங்களை இறக்கினாலும் முறுக்குத் தளரும்.

நேர்ச்சாலையிலும் இறுக்கம் வருமானால் டயர்களை அளக்க வேண்டும். டயரில் சுண்ணாம்புக் கோடிட்டு, வண்டியை ஒரு முழுச்சுற்று உருட்டித் தரையில் எவ்வளவு தூரம் என்று அளந்தால் போதும். பின்சக்கரம் ஒரு சுற்றுக்கு 220 சென்டிமீட்டரும் முன்சக்கரம் 217 சென்டிமீட்டரும் செல்வதாக வைத்துக்கொள்வோம். ஒரு கிலோமீட்டரில் பின்சக்கரம் சுமார் 455 முறையும் முன்சக்கரம் சுமார் 461 முறையும் சுற்ற வேண்டும். கிலோமீட்டருக்கு 6 சுற்று வேறுபாடு! அவ்வளவும் முறுக்காகவோ டயர்த் தேய்மானமாகவோ மாறும். ஆதலால் நான்கு டயர்களும் ஒரே அளவும் ஏறக்குறைய ஒரே தேய்மானமும் உடையனவாக இருத்தல் வேண்டும். பணம் மிச்சமென்று இரண்டு டயரை மட்டும் வேறு அளவில் வாங்குவது பின்னர்ப் பெருஞ்செலவுக்கு வழி செய்யும். காற்றையும் குறித்த அளவில் நிரப்ப வேண்டும்.

ஓடையைக் கடந்த பின்

குடமும் அச்சும் மூழ்கும் அளவுக்கு நீரைக் கடந்த வண்டியில், டிஃபரன்ஷியலிலும் பகிர்வுப் பெட்டியிலும் உள்ள எண்ணெயைப் பார்த்தே தீர வேண்டும். எண்ணெய் பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துவிட்டது. அதை வடித்து, கைப்புத்தகம் சொல்லும் தரத்தில் புது எண்ணெய் ஊற்ற வேண்டும். வெளுத்த எண்ணெயோடு ஓட்டினால் தாங்கிகளும் பற்களும் கெடும். சில லிட்டர் எண்ணெய்க்குப் பார்த்து முழுப் பெட்டியை இழப்பதில் இலாபம் இல்லை.

டிராக்டருக்கும் இது பொருந்துமா?

சேற்றுழவுக்கு நான்கு சக்கர டிராக்டர் வைத்திருக்கும் விவசாயிகளுக்கும் மேற்கூறியவை பெரும்பாலும் பொருந்தும். ஒரு வேறுபாட்டை மட்டும் மனத்தில் கொள்ள வேண்டும். பல டிராக்டர்களில் முன் டயர் சிறியது, பின் டயர் பெரியது. முன்சக்கரம் பின்சக்கரத்தைவிடச் சற்றே முந்தி இழுக்கும்படி பற்சக்கரக் கணக்கு அமைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே முன் டயரை மாற்றும்போது தயாரித்தவர் சொன்ன அளவையே வாங்க வேண்டும். அளவு மாறினால் கணக்குப் பிசகி, டயர் விரைந்து தேயும், நெம்புகோலும் இறுகும். வயலில் இருந்து கரையேறித் தார்ச்சாலைக்கு வந்தவுடன் முன் இயக்கத்தை எடுத்துவிடும் பழக்கத்தை ஓட்டுபவர் கைக்கொள்ள வேண்டும்.

பட்டறைக்கு அனுப்பும் முன்

பஞ்சாயத்து ஒன்றியத்தின் வண்டியாயினும், கூட்டுறவுச் சங்கத்தின் வண்டியாயினும், ஊரார் வாடகைக்கு நம்பும் தனியார் ஜீப்பாயினும், பட்டறைக்கு அனுப்பும் முன் பின்வரும் கேள்விகளுக்கு விடை எழுதி அனுப்புவது நன்று.

1. நெம்புகோல் விழவில்லையா, விழுந்து கழல்கிறதா, திரும்ப வரவில்லையா?
2. விளக்கு எரிகிறதா, சிமிட்டுகிறதா, எரியவே இல்லையா?
3. மண்தரையில் வட்டமிட்டபோது இறுக்கம் தெரிந்ததா?
4. இரு குடங்களையும் தனித்தனியே சோதித்தாயிற்றா?
5. நான்கு டயர்களின் அளவும் காற்றும் ஒத்திருக்கின்றனவா?
6. எண்ணெயின் அளவும் நிறமும் எவ்வாறு உள்ளன?
7. கடைசியாக நான்கு சக்கர நிலை பயன்பட்ட நாள் எது?

'ஃபோர் வீல் வேலை செய்யவில்லை' என்று ஒரே வரியில் எழுதி அனுப்பினால், எதைப் பிரிப்பது என்று பட்டறைக்காரர் தாமே முடிவு செய்வார். ஏழு விடைகளோடு அனுப்பினால் நேரே குறையுள்ள இடத்துக்குச் செல்வார். செலவுச் சீட்டு வரும்போது அதைப் படித்து ஒப்புக்கொள்ளும் பஞ்சாயத்து உறுப்பினருக்கும் இவ்விடைகளே உரைகல்லாக அமையும்.

மாதம் ஒரு நாள்

இறுதியாக, இக்குறைகள் வராமல் தடுக்கும் வழி ஒன்று உண்டு. அதற்குச் செலவும் இல்லை. மாதம் ஒரு முறையேனும் மண்பாதையில் சில கிலோமீட்டர் தூரம் நான்கு சக்கர நிலையில் வண்டியை ஓட்ட வேண்டும். 'ஃபோர் லோ'வையும் ஒருமுறை போட்டு எடுக்க வேண்டும். அதனால் எண்ணெய் எல்லாப் பற்களிலும் படியும்; மூட்டுகள் துருவேறாமல் அசையும்; குறை ஏதேனும் இருந்தால் வெயில் நாளிலேயே வெளிப்படும். ஓட்டிய நாளையும் கண்ட குறையையும் வண்டியின் லாக் புத்தகத்தில் ஒரு வரியாக எழுதிவைத்தல் வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னர் ஏரிக்கரையையும் மதகையும் பார்த்து வைப்பது நம் ஊர்களின் பழைய வழக்கம். மதகின் பலகை மேலே ஏறுமா என்று வெள்ளம் வந்த இரவில் சோதிப்பார் இல்லை. மலை ஊரின் ஜீப்புக்கும் அதே முன்யோசனை தேவை. புரட்டாசி முடிவதற்குள் ஒரு நாளை இதற்கென ஒதுக்கி, ஓட்டுநரும் உறுப்பினர் ஒருவரும் சேர்ந்து மேற்கண்ட சோதனைகளைச் செய்து முடிப்பார்களாயின், மழை நாளில் அழைப்பு வரும்போது வண்டி தயங்காமல் மேலேறும்.